துப்பாக்கிக் கட்டைக்கு எப்பாக்சி: இரும்பில் ஒட்டாமல் இருக்க எதைத் தடவலாம்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உரிமம் உள்ள .22 ரைஃபிள் வைத்திருக்கிறேன். மரக்கட்டை ஐப்பசி மழையில் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது, குறி மாறிக்கொண்டே இருக்கிறது. உரிமம் பெற்ற ரிப்பேர்க்காரர் ஒருவர் கிளாஸ் பெடிங் (கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே எப்பாக்சி போட்டு அசையாமல் பொருத்துவது) போட ஒத்துக்கொண்டார். எப்பாக்சி ஆக்‌ஷனோடு (கட்டையில் உட்காரும் இரும்பு இயக்கப் பகுதி) ஒட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று அவருக்கே பயம். ஒட்டாமல் விடுவதற்கு வாசலின் போதுங்களா, சிலிகான் ஸ்பிரே வாங்கட்டுங்களா?"

முதலில், உரிமம் உள்ள ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தது நல்லது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேருக்கும் உரிமம் வேண்டும். நான் துப்பாக்கிக்காரன் இல்லை. கோவை பவுண்டரிகளுக்கு எப்பாக்சியில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) வார்க்கிறவன். ஆனால் எப்பாக்சி எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்கிற கவலை இரண்டு தொழிலுக்கும் ஒன்றுதான்.

வாசலின், சிலிகான் ஸ்பிரே இரண்டும் வேண்டாம். டப்பாவில் வரும் கெட்டி மெழுகு வாங்குங்கள். ஃபைபர் கிளாஸ் சாமான் விற்கிற கடையில் மோல்டு வேக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காவிட்டால் தரைக்குப் போடும் மெழுகு, அதுவும் இல்லையென்றால் நிறமில்லாத ஷூ பாலிஷ். பழைய பனியன் துணியில் மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் பளபளக்கத் துடைத்து, மறுபடி ஒரு கை. மூன்றாவது கை போட்டாலும் தப்பில்லை. நன்றாகத் துடைத்த மெழுகு தடிமனாக நிற்காது. ஆக்‌ஷன் கட்டையில் இறுக்கமாக உட்காரத்தானே இத்தனை பாடு?

வாசலின் தடிமனாக நிற்கும், அதுதான் குறை. தடவிய விரலின் கோடுகூட எப்பாக்சியில் அப்படியே பதிந்துவிடும். ஈரோட்டு வெயிலில் இளகி ஓரத்துக்கு வழியும். வழிந்த இடத்தில் இரும்பு வெறுமையாக நிற்கும். சிலிகான் ஸ்பிரே வேறு மாதிரி ஆபத்து. ஒரு தூறல் மரத்தில் பட்டால் எப்பாக்சி மரத்தில் பிடிக்காது, பிறகு பெடிங்கே பொருக்காகப் பெயர்ந்து வரும்.

ரிப்பேர்க்காரர் பயம் தெளியவில்லை என்றால் மெழுகுக்கு மேல் பாலிவினைல் ஆல்கஹால் ஒரு கை பூசச் சொல்லுங்கள். காய்ந்தால் மெல்லிய தோல் போல நிற்கும், பிறகு தண்ணீரில் கரையும். மெழுகில் சிலிகான் கலந்திருந்தால் இது முத்து முத்தாகத் திரளும், சீராகப் படியாது. கார் பாலிஷில் சிலிகான் இருக்கக்கூடும், அதனால் அது வேண்டாம். இரும்பைக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறிவிடும்.

சரி, இப்போது உண்மையான வில்லனுக்கு வருவோம். மாட்டிக்கொள்கிற ஆக்‌ஷன்களில் பெரும்பாலானவை ஒட்டி மாட்டுவதில்லை, பூட்டிக்கொள்கின்றன. இட்லிக் குழி வாய் அகன்றது, இட்லி தானாக வருகிறது. அதே மாவைச் சொம்பில் ஊற்றி வேகவைத்துப் பாருங்கள். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் முழுசாக எடுக்க முடியாது. ஆக்‌ஷனில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும், ட்ரிகர் குழியும், மேகசின் வாயும் அந்தச் சொம்புதான். பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணால் அடைத்து, இரும்பு மட்டத்துக்கு வழித்துவிட்டு, களிமண் மேலும் மெழுகு தடவுங்கள். ரீகாயில் லக் (உதையைத் தாங்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டி) உள்ள துப்பாக்கியானால் அதன் முன்புறம், இரு பக்கம், அடிப்புறம் நான்கிலும் ஒரு அடுக்கு டேப். பின்முகத்தில் டேப் கூடாது, அங்கேதான் உதை தாங்க வேண்டும்.

நானே பட்டது ஒன்று. ஒரு அச்சில் எல்லா இடமும் மெழுகு பூசினேன், ஸ்குரூவின் மரையை மறந்துவிட்டேன். பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்காரரைக் கெஞ்சி ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்தேன். இரும்பு எப்பாக்சியோடு சமமாகச் சுருங்காது. காலையில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, டக்கென்று விட்டது. ஆகவே ஸ்குரூ, மரை, குழல் அடிப்பக்கம், வெளியில் வழியக்கூடிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மெழுகு. மெழுகு பூசிய கையோடு மரத்தைத் தொடாதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் இதற்கு ஆகாது, நிதானமாக இறுகும் அரால்டைட் போன்றது போதும். மறுநாள் எடுக்கும்போது ஆட்டாமல் நேராகத் தூக்க வேண்டும். அதற்கு முன், கலக்கிய டப்பாவில் மிச்சம் இருப்பதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை.