சம்பளமும் இல்லை, கைக்காசும் போகுமா?

கேள்வி: அறுவை சிகிச்சைக் கூடத்தில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் மருத்துவமனைக் கப்பலில் தொண்டு செய்ய ஆசை. சம்பளம் கிடையாது, தங்கும் செலவும் நம்முடையதாம். ‘சுத்த ஏமாற்று வேலை’ என்கிறார் அண்ணன். போகலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அண்ணனின் சந்தேகத்தில் தப்பில்லை. வேலை தருகிறேன் என்று பணம் கேட்பவனை நம்பக் கூடாதுதான். ஆனால் இது வேலை அல்ல, தொண்டு. இப்படி மருத்துவமனைக் கப்பல்களை நடத்தும், 1978இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு அமைப்பில் அறுவை மருத்துவர், சமையல்காரர் எனப் பலரும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுப் போனவர்கள். இப்போது எவ்வளவு, எதற்கு என்பதை அமைப்பிடமே எழுதிக் கேளுங்கள். நடுவில் தரகர் யாராவது முளைத்தால் அண்ணன் சொல்வதே சரி.

நடுக்கடல், புயல் என்றெல்லாம் கற்பனை வேண்டாம். கப்பல் மாதக்கணக்கில் துறைமுகத்தில்தான் நிற்கும். அவர்களின் ‘ஆப்பிரிக்கா மெர்சி’ ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரயில்களை ஏற்றிச் சென்ற கப்பல்! ‘குளோபல் மெர்சி’ மருத்துவமனைக்கென்றே கட்டப்பட்டது. 6 அறுவைக் கூடங்கள் உண்டு. பிளந்த உதடு, கண்புரை, முகத்தை அழுத்தும் கட்டி என்று முன்கூட்டியே நாள் குறித்த அறுவைகள்தான் நடக்கும்.

தீக்காயத்தால் முழங்கை மடிந்து ஒட்டிப்போன சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். தழும்பை வெட்டி விடுவித்து, வேறிடத்துத் தோலை வைத்துத் தைப்பது சில மணி நேர வேலை. பிறகுதான் பாடு. தழும்பு மறுபடி சுருங்கப் பார்க்கும். கட்டு மாற்ற வேண்டும், அட்டை வைத்துக் கையை நீட்டிக் கட்ட வேண்டும், அவள் அழ அழப் பயிற்சி கொடுக்க வேண்டும். கப்பல் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இவளுக்கு அறுவை நாள் குறிக்க முடியும்.

உங்களுக்கு வலிக்கப்போவது வேறொன்று. எல்லோருக்கும் இடம் கிடைக்காது. புற்று முற்றிப்போனவரிடம், மொழிபெயர்ப்பாளர் வழியாக, ‘இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கும். கப்பல் போன பிறகு அங்கே இருக்கப்போவது உள்ளூர்ச் செவிலியர்கள். கருவிகளை எண்ணிச் சரிபார்ப்பது, கிருமி நீக்குவது என நீங்கள் தூக்கத்தில்கூடச் செய்யும் வேலைகளை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

வீட்டுக் கடன் தவணை ஏதும் ஓடுகிறதா? அப்படியானால் முதல் முறை சில வாரங்கள் போதும். ஊதியமில்லா விடுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணர்ச்சிவசப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.