வன்னியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு: பகலில் தனியாக ஏறுகிறவர்கள் கேட்டவை

பங்குனி, சித்திரை வெயிலில், ஹட்டன் பக்கத்து நல்லதண்ணிப் பாதையால் தனியாக ஏறி அன்றைக்கே இறங்க நினைக்கிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கிளிநொச்சி: அண்ணை, வெயிலுக்க வயல் வேலை செய்யிற எனக்கு இந்த மலை ஒரு பிரச்சினையா?

வெயில் உங்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாது தம்பி, கால்தான் பார்க்க வேண்டியது. மலை 2,243 மீற்றர், படிகள் கிட்டத்தட்ட 5,500. ஏறும்போது மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுவதையும் முன்தொடைத் தசை பிடித்துப் பிடித்து விடவேண்டும், சமதரையில் நடந்து பழகிய எங்கள் கால்களுக்கு அந்த வேலை தெரியாது, அதனால்தான் பாதி இறங்கியதும் முழங்கால் நடுங்கத் தொடங்குகிறது. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, கிட்ட இருக்கிற குளக்கட்டுக்குப் போங்கள். கட்டின் மேலே நீளத்துக்கு நடந்து பிரயோசனம் இல்லை, சரிவில் ஏறி இறங்க வேண்டும், அதிலும் இறங்குவதை ஆறுதலாகச் செய்யுங்கள். தண்ணிப்பக்கக் கல்லில் வேண்டாம், வழுக்கும். ஒரு மாதம் செய்தால் வித்தியாசம் தெரியும்.

முல்லைத்தீவு: எத்தனை மணிக்குத் தொடங்கினால் நல்லது?

நிலம் வெளித்ததும், 6 மணிக்கு. பெரும்பாலானவர்கள் சூரிய உதயம் பார்க்க இரவிலேயே ஏறிவிடுவதால் அவர்கள் இறங்கி வருகிற நேரம் நீங்கள் ஏறுவீர்கள், படியில் இடம் விட்டுப் போங்கள். 11 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்தான். இந்த மாதங்களில் காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மேலெழும்பி, பின்னேரம் இடிமழையாகக் கொட்டும். மின்னும்போது மேலே படியோரத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. இன்னொன்று, 1,000 மீற்றர் ஏறினால் 6 பாகை அளவில் குளிரும். வியர்வையில் நனைந்த சேட்டோடு உச்சிக் காற்றில் நிற்காமல், காய்ந்த சேட் ஒன்று கொண்டுபோய் மாற்றுங்கள்.

வவுனியா: தண்ணி எவ்வளவு? சாப்பாடு?

இரண்டரை லீற்றர் கொண்டுபோங்கள். அதில் ஒரு லீற்றரில் ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூள் பைக்கற் ஒன்றைக் கரையுங்கள், இல்லாவிட்டால் தேசிக்காயும் உப்பும் சீனியும். வெறும் தண்ணியையே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடியும் சத்தியும் வரும். எள்ளுருண்டை, பனங்கட்டி, வாழைப்பழம் போதும், அப்புறம் வெற்றுப் போத்தலும் பேப்பரும் உங்களோடேயே கீழே வரவேண்டும். தலை சுற்றினால் நிழலில் இருந்து, பிடரியை நனைத்து, முழுதாகத் தெளிந்த பிறகு இறங்குங்கள், ஏறாதீர்கள். வழியில் யாராவது தடுமாறி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் அது வெப்பத்தாக்கம், நேரத்தைக் கடத்தாமல் குளிரப்பண்ணிக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

புதுக்குடியிருப்பு: நான் பெண். தனியப் போகலாமா?

போகலாம் தங்கச்சி, ஆனால் யாத்திரைக் காலத்தில், அதாவது மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வைகாசிப் போயா வரைக்குள். இரத்தினபுரிப் பக்கப் பாதை நீளம், ஆள் நடமாட்டமும் குறைவு, முதல்தரம் தனியாகப் போகிற எவருக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன், ஆணாக இருந்தாலும். தங்கும் இடத்தில் போகிற பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடம், “பின்னேரம் 4 மணிக்குள் கோல் வராவிட்டால் இந்த நம்பருக்கு எடு” என்று அந்தத் தங்குமிட நம்பரைக் கொடுத்துவிடுங்கள். “கவனமாப் போய் வா” என்று சொல்லிவிடுகிற பத்துப் பேரைவிட இப்படி ஒருவர் இருப்பது பெரிய காரியம்.

மாங்குளம்: அட்டை கடிக்குமா?

வெயில் காலத்தில் குறைவு. மழை பெய்தால் வரும், காலுறைக்குச் சவர்க்காரம் பூசினால் ஏறுவது குறையும்.

நெடுங்கேணி: புதுச் சப்பாத்து வாங்கவா?

பழகினதையே போடுங்கள், அடி தேயாமல் இருந்தால் சரி. இறங்கும்போது விரல்கள் சப்பாத்தின் முன்பக்கத்தில் போய்ப் போய் இடிக்கும், பெருவிரல் நகம் கறுப்பது அதனால்தான். இரண்டு நாள் முன்னதாகவே நகத்தை வெட்டிவிட்டு, இறங்கத் தொடங்கும் முன் குதியைப் பின்னுக்குத் தள்ளி கணுக்காலோடு நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

வவுனியா: ஒரே நாளில் வீட்டுக்குத் திரும்பலாமா?

முடியாது. பொல்காவலையில் ரயில் மாறி ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக பஸ். அதற்கே ஒரு நாள் வேண்டும். மண்சரிவு விழுந்தால் மலைநாட்டு ரயில் நின்றுவிடும், புறப்பட முதல் ஸ்டேஷனில் கேளுங்கள். முதல்நாள் இரவு நல்லதண்ணியில் நித்திரை கொண்டுவிட்டு ஏறுங்கள், இறங்கிய அன்றும் அங்கேயே தங்குங்கள்.