முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பிரிவுக்குப் பொறுப்பேற்கிறேன். முதலில் எதைச் சரிசெய்வது?

ஷிப்ட் மாறும் நேரத்தை. ஒருவர் கிளம்பிய பிறகுதான் அடுத்தவர் வருகிறார் என்றால், யார் சாப்பிடவில்லை, யாருக்கு மலம் போய் மூன்று நாளாகிறது என்பதெல்லாம் கிளம்பியவரோடு வீட்டுக்குப் போய்விடும். இருவரும் கால் மணி நேரமாவது சேர்ந்து இருக்கட்டும். கட்டில் கட்டிலாக நடந்தே ஒப்படைக்கச் சொல்லுங்கள். மேசையில் உட்கார்ந்து சொன்னால் பாதி விட்டுப்போகும்.

அடுத்து படுக்கைப்புண். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை போட்டிருந்தாலும் திருப்புவதை விடக் கூடாது. உடம்பு துடைக்கும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. ஆனால் நம்மில் பலருடைய கருமையான தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பணியாளர்களுக்கு இதைக் கட்டாயம் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று உளறினால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புது மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானால் தாக உணர்வு குறையும், அதனால் கேட்கும்போது மட்டும் தண்ணீர் கொடுப்பது போதாது.

இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஆயாக்களின் கண்ணில்தான் முதலில் படும். ‘இவர் இன்னைக்குச் சரியில்லை’ என்று அவர்கள் சொன்னால், உடனே போய்ப் பாருங்கள். அந்த ஒரு வரியையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள்.