கிளினிக்கில கனபேருக்கு கிட்னி வருத்தம் எண்டால் ஊருக்கே வந்திட்டுதோ?

கேள்வி: டொக்டர், நாங்கள் கோப்பாய். அம்மாக்கு 64 வயது, 12 வருசமா சீனி வருத்தம், பிறஷரும் இருக்கு. போன மாசம் கிளினிக்கில ஈஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டுற அளவு) 52, கிட்னி கவனம் எண்டு சொல்லிச்சினம். பக்கத்தில இருந்த ஆக்களில பாதிப்பேருக்கும் அதே கதையாம். எங்கட கிணத்துத் தண்ணியாலயோ?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தப் பாதிக் கணக்கைப் பாப்பம். ஊரில 1000 பேர் இருக்கினம், அதில 100 பேருக்கு கிட்னி வருத்தம் எண்டு சும்மா வைப்பம் (உலகத்தில வளந்த ஆக்களுக்கு வாறதும் கிட்டத்தட்ட 100க்கு 10தான்). வருத்தக்காரர் 100 பேரில 60 பேர் கிளினிக்குக்கு வருகினம், வருத்தமில்லாத 900 பேரில ஒரு 90 பேர்தான் வருகினம் எண்டால், கிளினிக் வாங்கில இருக்கிற 150 பேரில 60 பேருக்கு வருத்தம், அதாவது 100க்கு 40. ஊரில 10, வாங்கில 40. வயசானவை, சீனி பிறஷர் உள்ளவைதானே அங்க கூட வாறது, அவைக்குத்தான் ரத்தமும் எடுத்துப் பாக்கினம்.

அதுக்காக அம்மாக்கு ஒண்டுமில்லை எண்டு விட்டிடாதேங்கோ, சீனி வருத்தக்காரரில மூண்டு பேருக்கு ஒராள் அளவில கிட்னியும் பழுதாகுது. ஆனா ஒருக்கா 52 வந்தோடன பேர் வைக்கேலாது, காய்ச்சல் வயித்தோட்டம் வந்து தண்ணி குறைஞ்சிருந்தாலும் அப்பிடி இறங்கும், மூண்டு மாசத்துக்கு மேல 60க்குக் கீழ நிண்டால்தான் நாள்பட்ட கிட்னி வருத்தம். மற்றது, ரத்தத்தை மட்டும் பாத்தால் காணாது, சலத்தில அல்புமின் எண்ட புரதம் போகுதோ எண்டும் பாக்க வேணும். ஈஜிஎஃப்ஆர் 90 இருக்கிற ஆளுக்கும் அல்புமின் ஒழுகலாம், அதுதான் கனபேருக்கு முதல் அடையாளம், நோவுமில்லை வீக்கமுமில்லை, அதாலதான் இத்தினை பேர் தெரியாமலே திரியினம்.

தண்ணிக் கதை அனுராதபுரம் பொலநறுவைப் பக்கம் 1990களில இருந்து வயல் செய்யிற ஆக்களுக்கு வாற வருத்தத்தால வந்தது. அவையில கனபேருக்கு சீனியும் இல்லை பிறஷரும் இல்லை, காரணமும் இன்னும் தீர்மானமாச் சொல்லுப்படேல்ல. அம்மாக்கு 12 வருசச் சீனி இருக்கேக்க கேத்திலில படியிற சுண்ணாம்பில பழி போடாதேங்கோ.

எனக்குப் பயம் வேற விசயத்தில. முழங்கால் நோவுக்கு பாமசியில கிட்னிக்குக் கூடாத டைக்ளோபெனாக் வாங்கிப் போடுறவவோ எண்டு கேளுங்கோ, போட்டால் இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, நோவுக்கு பனடோல் அளவாப் போடலாம். சீனிக் குளிசைதான் கிட்னியைப் பழுதாக்குது எண்டு அயலுக்க சொல்லுறதைக் கேட்டு அதையோ பிறஷர் குளிசை லொசாட்டனையோ நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, அப்பிடி நிப்பாட்டிப்போட்டு கால் வீங்கின பிறகு வாற ஆக்களைப் பாக்க எனக்கு உண்மையா மனசு கேக்கிறேல்ல.

அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க பழைய கிறியற்றினின் (கிட்னிக்குப் பாக்கிற ரத்தச் சோதனை) றிப்போட் எல்லாத்தையும் கொப்பியோட கொண்டு போங்கோ, சல அல்புமின் பாத்தனீங்களோ எண்டு வாய் திறந்து கேளுங்கோ.