இறைச்சி மாட்டுப் பண்ணையில் லாபம் கூட்ட, நல்ல ரகக் காளை வாங்கினால் போதுமா? எத்தனை காளை வேண்டும்?

நான் ஆஸ்திரேலியாவுல, குவீன்ஸ்லாந்தில் ராக்ஹாம்ப்டனுக்கு மேற்கே ஒரு பண்ணையில 7 வருஷமா வேலை பார்க்கிறேன். சுமார் 600 தாய் மாடுங்க, பெரும்பாலும் பிராமன்ங்கிற மாட்டு இனத்தோட கலப்பு. திமிலும் அலைதாடியுமா நிக்கிறதைப் பார்த்தா ஊர் ஞாபகம் வரும். வராம என்ன, எல்லாம் நம்ம நாட்டு ஓங்கோல், கிர், காங்ரேஜ் மாடுங்க வழி வந்ததுங்கதானே!

காளை முக்கியம்தான். வருஷா வருஷம் பசுக்களோட விடுறதுக்கு முன்னாடி விந்துப் பரிசோதனை செஞ்சுட்டா அந்தக் கவலை பாதி தீர்ந்தது. காசு ஒழுகுற இடம் வேற: சினை நிக்காத மாடு.

மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேணும்னா, ஈன்ற 82 நாளுக்குள்ள மறுபடி சினை பிடிச்சாகணும். பிராமன் ரத்தம் இருக்கிற மாடு மெலிஞ்சுபோய், கன்றும் மடியை முட்டிக்கிட்டே இருந்தா, லேசுல பருவத்துக்கு வராது. தலையீத்து மாடு இன்னும் மோசம். அதுவே இன்னும் வளர்ற உடம்பு, அதுக்குள்ள பாலும் கொடுக்கணும்.

அதனால, அடுத்த ஈத்துக்குள்ள தாய் உடம்பு தேறட்டும்னு 5, 6 மாசத்துல கன்றைப் பிரிச்சுடுவோம். மழை பொய்ச்ச வருஷம் இன்னும் சீக்கிரமா. முதல் மூணு ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் கன்று, அந்தப் பக்கம் தாய், விடிய விடியக் கத்தும். நாலாம் நாள் தாய் அதுபாட்டுக்கு மேயப் போயிடும்.

அப்புறம் சினைப் பரிசோதனை. டாக்டர் தோள் வரைக்கும் கையுறை மாட்டிக்கிட்டு வரிசையா பார்த்துக்கிட்டே போவார். "எம்டி"ன்னு, அதாவது சினை இல்லைன்னு, அவர் குரல் கொடுத்தா அடையாளத்துக்கு நான் அந்த மாட்டோட வால் குஞ்சத்தை வெட்டிவிடணும். அந்த மாடு விற்பனைக்கு.

வந்த ரெண்டாம் வருஷம், முதலாளிகிட்ட நான்தான் கெஞ்சி அப்படிப்பட்ட 14 மாட்டை விக்காம நிறுத்திவெச்சேன். எல்லாம் மினுமினுன்னு அவ்வளவு அழகு. கன்றுக்குப் பால் கொடுக்காததாலதான் அந்த மினுமினுப்புன்னு அப்போ எனக்கு உறைக்கல. 500 கிலோ மாடு, புல்லோட ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தாலே, தினம் 10 கிலோவுக்கு மேல தீனி தின்னும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 4 டன். அடுத்த வருஷமும் அதுல 5 எம்டி. அதுக்குள்ள மழை இல்லாம புல் காய்ஞ்சு, மாட்டு உடம்பும் இறங்கி, சந்தை விலையும் விழுந்துடுச்சு. இங்க துண்டுக்குள்ள விரல் பிடிச்சுப் பேசுற வேலையெல்லாம் இல்லை, எடை போட்டு கிலோவுக்கு இத்தனை சென்ட். உடம்பு இருக்கும்போதே ஏத்திவிட்டிருந்தா நல்ல காசு. முதலாளி ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னிக்கும் பரிசோதனை அன்னிக்கு என்னைப் பார்த்து லேசா சிரிப்பார்.

காளை எத்தனைன்னு கேட்டிருக்கீங்க. பசு எல்லாம் ஒரே அடைப்புல இருந்தா 100-க்கு 3 தாராளம். 12 வாரம் விட்டுட்டுப் பிரிச்சுடுங்க, அப்பதான் கன்றுங்க ஏறத்தாழ ஒரே வயசா நிக்கும், ஒரே லாட்டா விக்கலாம். பின்னங்கால் நொண்டுற காளை மட்டும் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.