பைக்குக்குப் பின்னால் ஒரு படுக்கையறை: மடிப்புக் கேம்பர் கேள்வி-பதில்

மடித்தால் பெட்டி, விரித்தால் கூடாரம். பைக்கில் இழுத்துப் போகும் கேம்பர் டிரெய்லரைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: படுக்கை எத்தனை அடி, உள்ளே நிமிர்ந்து நிற்கலாமா, எத்தனை நிமிடத்தில் விரிக்கலாம். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் பைக், அப்புறம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட பைக்கின் பின்னால் பொருத்தும் இரும்பு இணைப்பு, அதன் மேல் ஒரு பந்து இருக்கும்), அப்புறம் சக்கரம், கடைசியில் படுக்கை. இந்த வரிசையை மாற்றி வாங்கியவர்கள்தான் பிறகு விற்பதற்கு ஆள் தேடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது 380 கிலோ டூரிங் பைக். மனைவியும் உடன் வருவார். எவ்வளவு கனமான கேம்பர் வாங்கலாம்?

இரண்டு கணக்குப் போட வேண்டும். ஒன்று எல்லோரும் போடுவது, மற்றது யாரும் போடாதது.

முதல் கணக்கு: பாரம் ஏற்றிய டிரெய்லர் பைக்கின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. இது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. உங்களுக்கு 190 கிலோ. காலியாக 130 கிலோ உள்ள கேம்பர் என்றால் மீதி 60 கிலோ. போதும் என்றுதான் தோன்றும். ஆனால் போர்வை, மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, முன்பந்தல் துணி, ஸ்டெப்னி, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் என்று ஏற்ற ஆரம்பித்தால் 60 கிலோ போன இடம் தெரியாது. 20 லிட்டர் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. விற்பவர் சொல்லும் எடையில் மெத்தையும் ஸ்டெப்னியும் சேர்த்தியா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கணக்குதான் ஆளைக் கவிழ்ப்பது. மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் இருப்பதுபோல் டிரெய்லருக்கும் முன்னால் ஒரு கம்பம் நீண்டிருக்கும். அதன் நுனி பைக்கின் மேல் அழுத்தும் எடையை முன்பாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு முன்பாரமாக இருக்க வேண்டும். 190 கிலோ டிரெய்லருக்கு 19 கிலோ. இந்த 19 கிலோவும் பைக் சுமக்கிற எடைதான், பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிற எடை.

உங்கள் பைக்கின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 570 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (சேசிஸில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). 570-இல் 380 போனால் 190. நீங்கள் 80, மனைவி 60, இருவர் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் 10, பக்கப் பெட்டிகளில் சாமான் 20, ஹிட்ச் இரும்பு 8. கூட்டினால் 178. மிச்சம் 12 கிலோ, தேவையோ 19. ஏழு கிலோ உதைக்கிறது.

இதற்காகக் கேம்பரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பக்கப் பெட்டியில் இருக்கும் 10 கிலோவை எடுத்து டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் கணக்கு சரியாகிவிடும். டிரெய்லரின் மொத்த எடை 190-க்குள் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள், அவ்வளவுதான்.

முன்பாரம் கொஞ்சம் குறைந்தால் பைக்குக்கு நல்லதுதானே? ஏன் பத்து சதவீதம்?

மாட்டு வண்டிக்காரரைக் கேட்டால் தெரியும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். பைக்கில் முன்பாரம் அதிகமானால் பின்பக்கம் தாழ்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். அது உடனே தெரிந்துவிடும், நிறுத்திச் சரி செய்யலாம். குறைந்தால்தான் ஆபத்து. நிதானமாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது; வேகம் ஏறியதும் டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல் ஆடத் தொடங்கும்.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஸ் பெட்டியை ஏர்க்காலின் மேலுள்ள தட்டில் வைத்து, போகும்போது அருமையாக ஓட்டிப் போனேன். திரும்பும்போது அதே சாலை, அதே வேகம், டிரெய்லர் ஆடுகிறது. டயரைப் பார்த்தேன், பேரிங்கைப் பார்த்தேன், எல்லாம் சரி. பிறகுதான் உறைத்தது: பெட்டி காலி! அச்சிலிருந்து ஹிட்ச் வரை 1.8 மீட்டர், பெட்டி இருந்தது அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால். அப்படியென்றால் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்பாரம். 20 கிலோவைத் தின்று குடித்துத் தீர்த்ததில் 13 கிலோ முன்பாரம் காணாமல் போயிருந்தது. ஆகவே தீர்ந்துபோகும் பொருளை அச்சுக்கு மேலே வையுங்கள், தீராத பொருளை முன்னால் வையுங்கள்.

அளக்க வீட்டு எடைமெஷின் போதும். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் மரக்கட்டை அடுக்கி, ஹிட்ச் பந்தின் உயரத்துக்கே ஏர்க்கால் நுனியை வைத்துப் பாருங்கள். பயணத்துக்கு ஏற்றுவதை எல்லாம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். காலி டிரெய்லரை அளந்து பயனில்லை.

ஆட ஆரம்பித்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறையுங்கள், ஹேண்டிலை நேராகப் பிடித்திருங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வேகம் இறங்கினால் ஆட்டம் அடங்கும்.

என் பைக்கின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் எல்லோரும் இழுக்கிறார்களே?

இழுக்கிறார்கள், உண்மைதான். கேம்பர் இழுப்பவர்களிடம் அதிகம் பார்க்கும் பைக் ஹோண்டா கோல்டு விங். அதன் கையேட்டிலேயே டிரெய்லருக்காக இது வடிவமைக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை உண்டு. ஹார்லி-டேவிட்சனும் அப்படித்தான் எச்சரிக்கிறது: டயரில் கூடுதல் சுமை, பிரேக் பிடிப்பில் குறைவு, நிலைதடுமாற்றம் என்று காரணமும் சொல்கிறது. ஹிட்ச் தயாரிப்பதெல்லாம் வேறு கம்பெனிகள்.

எழுதியிருப்பதை மீறச் சொல்லும் உரிமை எனக்கில்லை. வாங்குவதற்கு முன் இரண்டு இடத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒன்று, இன்சூரன்ஸ்: டிரெய்லரோடு விபத்து நடந்தால் பாலிசி செல்லுமா? மற்றொன்று, உங்கள் ஊர் போக்குவரத்துச் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறும். உதாரணத்துக்கு பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்தான் இழுக்கலாம். டிரெய்லரின் அகலம் 1 மீட்டருக்குள். பாரத்தோடு 150 கிலோ அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, எது குறைவோ அது. வேறு நாட்டுக்காகச் செய்த பெரிய கேம்பரை ஆசைப்பட்டு அங்கே இறக்கினால் பின்கட்டில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

150 சிசி பைக்கில் சின்னக் கேம்பர் இழுக்கலாமா?

வேண்டாம். இழுக்கிற சக்தி ஒருபக்கம் இருக்கட்டும், நிறுத்துகிற பிரேக்கும் தாங்குகிற சேசிஸும் போதாது. நல்ல கூடாரம் ஒன்றை 3 கிலோவுக்குள் வாங்கிக் கேரியரில் கட்டுங்கள்.

சுழலும் கப்ளர் கட்டாயமா? கடைக்காரர் சாதாரணப் பந்து ஹிட்சே போதும் என்கிறார்.

இரண்டு சக்கர பைக்குக்கு நான் கட்டாயம் என்பேன். கப்ளர் என்பது ஏர்க்கால் நுனியில் இருந்து ஹிட்ச் பந்தைக் கவ்விக்கொள்ளும் கிண்ணம். கார் வளைவில் சாயாது, பைக் சாயும். டிரெய்லர் சாயாமல் தட்டையாகவே வரும். இந்த வித்தியாசத்தைப் பந்து ஓரளவுக்குத்தான் விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் கப்ளர் பந்தின் கழுத்தில் முட்டி முறுக்கும். சுழலும் கப்ளர் இருந்தால் பைக் எவ்வளவு சாய்ந்தாலும் ஏர்க்கால் முறுக்காது. நிறுத்தும்போது பைக் கீழே விழுந்தால்கூட டிரெய்லர் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். மூன்று சக்கர டிரைக் வைத்திருப்பவர்களுக்கு இது அவசியமில்லை.

பந்தின் அளவையும் பாருங்கள். 1⅞ அங்குலம், 50 மில்லிமீட்டர், 2 அங்குலம் என்று மூன்று உண்டு. கடைசி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய கப்ளர் சின்னப் பந்தில் உட்கார்ந்த மாதிரியே தெரியும், பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றுவிடும். பந்தின் தலையிலும் கப்ளரிலும் எண் பொறித்திருக்கும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் நுனி தரையில் குத்தாமல் அதில் தாங்கும்.

8 அங்குலச் சக்கரமா, 12 அங்குலமா?

12. 8 அங்குல ரிம்மில் போடும் 4.80-8 டயர் கிட்டத்தட்ட 42 செ.மீ. உயரம்தான். கிலோமீட்டருக்கு 750 சுற்றுக்கு மேல் சுற்றும். 12 அங்குலம் 600 சொச்சம், பைக்கின் சக்கரம் 500 சுற்று. சுற்று கூடக் கூட பேரிங் சூடாகும், கிரீஸ் சீக்கிரம் காயும். பள்ளத்தில் விழும் ஆழமும் சின்னச் சக்கரத்துக்கு அதிகம். டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 105 கி.மீ.தான் வேக வரம்பு, உங்கள் பைக் 200 போகும் என்பது அதற்குத் தெரியாது.

இதோடு சேர்த்து ஸ்பிரிங்கையும் கேளுங்கள். அரை டன் தாங்கும் அச்சு என்று பெருமையாகச் சொல்வார்கள். 180 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் அசைந்துகொடுக்காது, டிரெய்லர் தவளைபோல் குதிக்கும். உங்கள் பாரத்துக்கு ஏற்ற அச்சு போதும்.

டிரெய்லருக்கு பிரேக் கிடையாதாமே. நிறுத்துவது எப்படி?

பைக் கேம்பர்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. 190 கிலோ முதுகில் தள்ளிக்கொண்டிருக்கும்போது உங்கள் பிரேக்தான் இரண்டையும் நிறுத்த வேண்டும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்; சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் டிரெய்லர் பைக்கின் பின்பக்கத்தை வெளிப்புறமாகத் தள்ளும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் தடுத்து இறங்குங்கள்.

இன்னொன்று பழக நாளாகும்: நீங்கள் ஒரு கோட்டில் போகிறீர்கள், டிரெய்லர் இரண்டு கோட்டில் வருகிறது. நீங்கள் ஒடித்துத் தப்பிய பள்ளத்தில் அதன் ஒரு சக்கரம் சரியாக விழும். திருப்பத்தில் அது உள்பக்கமாக வெட்டி வரும், அதனால் கொஞ்சம் அகலமாகத் திரும்ப வேண்டும். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் சுற்றிப் பழகுங்கள், மனைவியை ஏற்றிக்கொள்ளாமல். பின்னால் எடுப்பதைக் கற்க மெனக்கெட வேண்டாம், கழற்றிக் கையால் தள்ளுவதே சுலபம்.

கூடாரத் துணி எது நல்லது?

பருத்தி கலந்த கேன்வாஸ் மூச்சு விடும். காலையில் உள்ளே சொட்டுச் சொட்டாக வியர்க்காது. ஆனால் கனம், காய நேரமாகும். பூச்சு போட்ட பாலியெஸ்டர் லேசு, சீக்கிரம் காயும், காற்றோட்டம் வைக்காவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும். எடைக் கணக்கு இழுபறியாக இருப்பவர்களுக்கு பாலியெஸ்டரே சரி. எதுவானாலும் நனைந்த துணியை மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க இடம் இருக்கிறதா? கேம்பர் வாங்குமுன் இதை யாரும் யோசிப்பதில்லை.

விளக்கு வயரை பைக்கின் பின்விளக்கு வயரிலேயே இணைத்துவிடலாமா?

கூடாது. அந்த வயர் ஒரு ஜோடி விளக்குக்கான அளவுதான். ரிலே (சிக்னல் வந்ததும் மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) உள்ள ஐசொலேட்டர் வையுங்கள். அது பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியே டிரெய்லருக்கு மின்சாரம் தரும், பைக்கின் வயர் சிக்னல் மட்டும் கொடுக்கும். கேன்-பஸ் (விளக்கு முதலியவற்றைக் கணினி வழியே கண்காணிக்கும் அமைப்பு) உள்ள புதிய பைக்குகளில் நேரடியாக இணைத்தால் கோளாறு என்று மீட்டரில் எச்சரிக்கை வரலாம். எர்த்துக்கும் தனி வயர் இழுங்கள். ஹிட்ச் பந்தை நம்பினால் கிரீஸும் துருவும் சேர்ந்து விளக்கு மினுக்கும்.

பழைய கேம்பர் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்ப்பது?

முதலில் முகருங்கள். பூஞ்சை வாடை ஏறிய துணி திரும்பாது. மடிப்புக் கோடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஊசித் துளை தெரியும். தரைப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் விட்டுவிடுங்கள். ஏர்க்கால் வெல்டிங்கில் விரிசல், சக்கரத்தை ஆட்டினால் லொடலொடப்பு. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெட் (தரையில் உருளும் வரிகள்) புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வயது ஆகியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் சேருங்கள்.

மழையென்றால் உள்ளேயே சின்ன அடுப்பு வைத்து டீ போடலாமா?

கூடாது. துணி பற்றிக்கொள்வது ஒருபக்கம். அடுப்பு எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. முன்பந்தலிலும் பக்கங்களைத் திறந்துவிட்டு வையுங்கள், அல்லது பிளாஸ்க் கொண்டுபோங்கள்.

பைக்கைக் கழற்றாமலே விரித்துப் படுக்கலாமா?

பல மாடல்களில் முடியும், ஓர் இரவுக்குச் சரிதான். ஏறிப் படுப்பதற்கு முன் நான்கு மூலைத் தாங்குகால்களையும் இறக்கிவிடுங்கள். விரித்த படுக்கை அச்சுக்குப் பின்னால் நீண்டிருந்தால், நீங்கள் அதில் உட்கார்ந்ததும் ஏர்க்கால் பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கும், சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக் நடுராத்திரியில் சாய்ந்துவிடும். இரண்டாம் நாளும் அங்கேயே தங்குவதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். பால் வாங்கக்கூட வீட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது.