பார்ம்.டி முடிக்கப் போகிறேன், ரெசிடென்ஸி கிடைக்குமா?

கேள்வி: அக்கா, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பார்ம்.டி என்கிற மருந்தாளுநர் படிப்பில் ஆறாம் வருடம், அதாவது இன்டர்ன்ஷிப். ஜெனரல் மெடிசினில் ஆறு மாதம் முடித்துவிட்டு இப்போது நெஃப்ராலஜி (சிறுநீரகப் பிரிவு) போஸ்டிங்கில் இருக்கிறேன். சீனியர்கள் இரண்டு பேர் அமெரிக்காவில் ரெசிடென்ஸிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சிக்கு, முயற்சி செய்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு கன்சல்டன்ஸி, நாலு லட்சம் கட்டினால் ரெசிடென்ஸி சீட் உறுதி என்கிறது. கல்விக்கடன் பாதிகூட அடையவில்லை. அம்மாவோ, ‘பேசாமல் நம் வீட்டு முன்னறையில் மெடிக்கல் ஷாப் வைத்துவிடு’ என்கிறார். சென்னையிலேயே ரெசிடென்ஸி செய்ய முடியாதா? எங்கே தொடங்குவது?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நாலு லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். கட்டாதே. அமெரிக்காவில் ரெசிடென்ஸி இடங்களில் பெரும்பகுதி ஏ.எஸ்.எச்.பி என்கிற மருந்தாளுநர் அமைப்பின் ‘மேட்ச்’ வழியாகத்தான் நிரம்புகின்றன. நேர்காணல் முடிந்ததும் நீ உனக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருவாய். அவர்களும் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தித் தருவார்கள். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். உன் பட்டியல் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பட்டியல் உனக்குத் தெரியாது. அண்ணா நகர்க்காரர் இதில் எந்தச் சந்தில் புகுந்து சீட் உறுதி செய்வார்?

அங்கே போகும் வழி நீளமானது, ஆனால் மர்மமானது இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே மருந்தாளுநர் படிப்பு முடித்தவர்களுக்கு, அங்குள்ள மாநில பார்மசி வாரியங்களின் கூட்டமைப்பான என்.ஏ.பி.பி தரும் எஃப்.பி.ஜி.ஈ.சி சான்றிதழ் வேண்டும். அதற்கு உன் படிப்பை ஈ.சி.ஈ என்கிற நிறுவனம் மதிப்பிட வேண்டும், எஃப்.பி.ஜி.ஈ.ஈ என்கிற பார்மசித் தேர்வும் டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வும் தேற வேண்டும். டோஃபலில் நம் பிள்ளைகள் சறுக்குவது பேச்சுப் பகுதியில்தான். 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு கட்டாயம் என்பதால், நாலு வருட பி.பார்மோடு நின்றவர்கள் இந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். உனக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சான்றிதழோடு கதை முடியாது. அந்த மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கும் தகுதி வேண்டும். அதற்கு இன்டர்னாக வேலை பார்த்த மணிக்கணக்கு வேண்டும், பல மாநிலங்களில் 1500 மணி நேரம். அப்புறம் விசா. விசா ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்று பல மருத்துவமனைகள் வெளிப்படையாகவே போட்டுவிடுகின்றன. ஏ.எஸ்.எச்.பி-யின் ரெசிடென்ஸி டைரக்டரியைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, விசா தரும் இடங்களை மட்டும் வடிகட்டிப் பார். மிஞ்சும் பட்டியலின் நீளத்தைப் பார்த்தாலே வீட்டில் என்ன பேசுவது என்று உனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: அங்கே மருந்தாளுநர் லைசென்ஸுக்கு ரெசிடென்ஸி கட்டாயம் இல்லை. கடையில் நிற்க அது வேண்டாம். வார்டில் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகும் வேலைக்குத்தான் பி.ஜி.ஒய்-1 என்கிற ஒரு வருட ரெசிடென்ஸி, அதற்கு மேல் ஆன்காலஜி (புற்றுநோய்), ஐ.சி.யு மாதிரி ஒரு துறையில் பி.ஜி.ஒய்-2 என்கிற இரண்டாம் வருடம். உனக்கு எது வேண்டும் என்று நீ எழுதவே இல்லை. சீனியர்கள் போகிறார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

சரி, சென்னை. இங்கே மேட்ச் கிடையாது. மருத்துவமனைகள் தாங்களாகவே ஆள் எடுக்கின்றன. சில இடங்களில் டிரெய்னி என்பார்கள், சில இடங்களில் ரெசிடென்ஸி என்றே பெயர் வைத்திருப்பார்கள். பெயரைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். எம்.பார்ம் முடித்த புதிதில், நகரின் நடுவில் ஒரு பெரிய மருத்துவமனையில் ‘கிளினிக்கல் பார்மசி டிரெய்னிங்’ என்று சேர்ந்தேன். நாலு மாதம் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடித்தேன், பில்லிங் கவுண்டரில் ஆள் குறைந்தால் அங்கேயும் உட்கார்ந்தேன். மருத்துவமனைத் தரச் சான்றிதழுக்கான என்.ஏ.பி.எச் ஆடிட் வந்த மூன்று நாள் மட்டும் வெள்ளை கோட் மாட்டி வார்டில் நிறுத்தினார்கள். ஆடிட்டர் லிஃப்டில் இறங்கியதும் நானும் இறங்கிவிட்டேன், பில்லிங்குக்கு.

அதனால் நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பதைவிட நீ அவர்களைக் கேள். காலை ரவுண்ட்ஸில் யாரோடு போவேன்? நான் சொல்லும் டோஸ் மாற்றத்தைக் கன்சல்டன்ட் ஏற்றால் அது எங்கே பதிவாகும்? போன வருடம் இங்கே பயிற்சி பெற்றவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்? மூன்றாவது கேள்விக்கு ஹெச்.ஆர் மழுப்பினால் எழுந்து வந்துவிடு. நான் அன்றைக்கே ஒரு பெயரைக் கேட்டு, அந்தப் பெண்ணை காண்டீனில் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும்.

இங்கேயோ அங்கேயோ, உன்னை உள்ளே இழுப்பது இந்த இன்டர்ன்ஷிப் வருடத்தில் வார்டில் நீ செய்த வேலைதான். அதற்கு ஒரு நோட்டுப் போடு. நோயாளி பெயர், ஐ.பி நம்பர் எதுவும் வேண்டாம். வயது, எடை, பிரச்சினை, நீ சொன்னது, டாக்டர் என்ன செய்தார், அவ்வளவுதான். நெஃப்ராலஜியில் இருப்பதால் உதாரணமே உன் கையில் இருக்கிறது. 70 வயது ஆண், 50 கிலோ, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.0. மெரோபெனம் என்கிற ஆன்டிபயாடிக் ஒரு கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறது என்று வைத்துக்கொள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போட்டால் நிமிடத்துக்கு 24 மில்லி வருகிறது. 10 முதல் 25-க்குள் என்றால் பாதி டோஸ், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆக 500 மில்லிகிராம். இன்டர்ன் இதோடு நோட்டை மூடிவிடுவாள். வார்டில் பயிற்சி தரும் ப்ரிசெப்டர் நல்லவராக இருந்தால் அங்கேதான் ஆரம்பிப்பார்: “இவருக்கு செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் கடும் தொற்று) ஆரம்பித்து எத்தனை மணி நேரம் ஆச்சு? கிரியேட்டினின் ஏறுதா, இறங்குதா? முதல் ரெண்டு நாளிலேயே டோஸைக் குறைத்து, கிருமிக்கு மருந்து பத்தாமல் போனால் என்ன செய்வே?” கிரியேட்டினின் மாறிக்கொண்டே இருக்கும்போது அந்த 24-ஐ நம்பவும் முடியாது. இப்படிக் கேட்கும் ஒருவர் பக்கத்தில் ஒரு வருடம் நின்றால், அந்த இடத்தின் போர்டில் ரெசிடென்ஸி என்று எழுதியிருக்கிறதா என்றே நான் பார்க்க மாட்டேன். உன் மூன்று ரொட்டேஷனில் அப்படி ஒருவர் இருந்தால், இன்டர்ன்ஷிப் முடிந்தும் அவர் யூனிட்டில் இருக்க வழி உண்டா என்று நேராகக் கேள். சென்னையில் நான் பார்த்த நல்ல இடங்கள் பாதி இப்படி வாய்வார்த்தையில் கிடைத்தவை.

சிபாரிசுக் கடிதமும் அவரிடம்தான் வாங்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு: நாமே டைப் அடித்துக்கொண்டு போவோம், சார் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ‘சின்சியர், ஹார்ட்வொர்க்கிங்’ என்று பத்துப் பேருக்கும் ஒரே கடிதம். அமெரிக்க விண்ணப்பத்தில் கடிதம் எழுதுபவரே நேரடியாக ஆன்லைனில் ஏற்ற வேண்டும், உன்னைப் பற்றிக் குறிப்பாகவும் சொல்ல வேண்டும். விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியில் முடிந்து மார்ச்சில் மேட்ச் முடிவு வரும். டிசம்பரில் போய் நின்றால் சாருக்கு உன் முகம்கூட ஞாபகம் இருக்காது. இப்போதே அந்த மெரோபெனம் மாதிரி இரண்டு கேஸை அவரிடம் காட்டிப் பேசு. எழுத அவருக்கும் சரக்கு வேண்டுமே.

கடன் நெருக்கினால், ஓ.எம்.ஆர் பக்கம் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் கம்பெனிகளில் சேர்வதில் தப்பே இல்லை. சம்பளம் மாதாமாதம் வரும். வார்டு வாசனை மட்டும் சீக்கிரம் மறந்துபோகும், அதையும் தெரிந்துகொண்டு போ. பார்ம்.டி-க்கு மேல் எம்.பார்ம் சேரலாமா என்று சிலர் கேட்கிறார்கள்; பார்ம்.டி முடித்தவர்கள் நேராகவே பிஎச்.டி சேரலாம் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை.

அம்மாவிடம் சண்டை போடாதே. மெடிக்கல் ஷாப் வைப்பதற்கும், மருத்துவமனையில் சேர்வதற்கும், எஃப்.பி.ஜி.ஈ.சி விண்ணப்பத்துக்கும் வேண்டிய காகிதம் ஒன்று பொதுவாக இருக்கிறது: தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பித்துவிடு.